முதலில் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டே, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் பெரும்பாலோர் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்தவர்கள். காலை எட்டரைக்குப் பள்ளிக்குள் நுழைந்து, ஒரு பீரியடுகூட ஓய்வில்லாமல் பாடம் எடுத்து, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, வேன் டியூட்டியும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். மாதம் பதினைந்தாயிரத்தைத் தாண்டினால் பெரிய விஷயம். மே மாதச் சம்பளம் வருமா வராதா என்பது தாளாளரின் மனசைப் பொறுத்தது. இந்த நிலைமையில் மாலத்தீவு, துபாய், தாய்லாந்து என்று யோசிப்பவர்களைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படிக் கிளம்பியவள்தான். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியிலும், பிறகு தாய்லாந்தில் ஒரு சிறு நகரத்திலும் பாடம் எடுத்துவிட்டு வந்து இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன்.

என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறீர்கள். "அக்கா, என் இங்கிலீஷ் போதுமா? அக்சென்ட் டிரெய்னிங் ஏதாவது போகட்டுமா?" ஒரு தங்கை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வந்து சொன்னாள். அவள் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவள்! அவளுக்கு யாரோ அப்படிப் பயம் காட்டியிருக்கிறார்கள்.

இந்த வேலையில் உங்கள் ஆங்கிலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். இதை நான் கசப்பில் சொல்லவில்லை, பல நாடுகளில் இது விசா விதியாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தென் கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மொழி ஆசிரியர்களுக்குத் தருவது ஈ-2 விசா. ஆங்கிலம் கற்பிக்க அந்த விசா வேண்டுமென்றால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையோ கோவிந்தரோ, ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று காட்டினால் அந்த வாசலில் நுழைந்துவிடலாம். பாளையங்கோட்டைப் பிள்ளை நுழைய முடியாது. இருவரின் முப்பாட்டனார்களும் ஒரே தாலுகாக்காரர்களாக, ஒருவர் கப்பலேறியவராகவும் மற்றவர் ஏறாதவராகவும் இருந்திருக்கலாம். பாஸ்போர்ட் வேறு, அவ்வளவுதான்.

ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தபோது, ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேரலாம் என்று இடம் வைத்தார்கள். நடைமுறையில் அந்த வழியாக இந்தியர்களை எடுப்பது அபூர்வம். யாராவது "கொரியாவில் டீச்சர் வேலை, கியாரண்டி" என்றால், அந்த ஒப்பந்தத்தின் பெயர் சொல்லி எந்தப் பள்ளி, எந்த மாகாணக் கல்வி அலுவலகம் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சீனாவும் அப்படித்தான். 2017-ல் அங்கே வெளிநாட்டினரை ஏ, பி, சி என்று பிரித்து வேலை அனுமதி தரும் முறை வந்ததிலிருந்து, மொழி ஆசிரியர் என்றால் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக்காரர் என்பது பொது விதி. கூடவே 2021 ஜூலையில் தனியார் டியூஷன் தொழிலையே அரசு முடக்கியது. பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்கு டியூஷன் நடத்தக் கூடாது என்றதும் பெரிய பெரிய கம்பெனிகள் சில மாதங்களிலேயே சரிந்தன. இன்னமும் "சீனாவில் கிண்டர்கார்டன் டீச்சர், பிசினஸ் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று பேசுகிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். போலீஸ் சோதனைக்கு வரும் நாளில் அந்த ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார்.

ஜப்பானின் கணக்கு கொஞ்சம் நியாயமானது. மொழி கற்பிக்க வருகிறவர் அந்த மொழி வழியாக 12 ஆண்டுகளாவது கல்வி கற்றிருக்க வேண்டும் என்கிறார்கள். எல்.கே.ஜி. முதல் மெட்ரிக் பள்ளியில் படித்தவர்கள் இதைக் கவனியுங்கள். பயிற்று மொழி ஆங்கிலம் என்று படித்த பள்ளியில் ஒரு சான்றிதழ் வாங்கி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து, உங்கள் துறையிலேயே நல்ல ஆசிரியராக நிற்பவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. என் பார்வையில் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தைத் தேடிப் பிடித்தவர்கள்தான் அதைக் கற்பிக்கச் சரியானவர்கள். எந்த இடத்தில் வழுக்கும் என்று வழுக்கி விழுந்தவருக்குத்தானே தெரியும்.

தாய்மொழிக்காரர்தான் கற்பிக்க வேண்டும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் ஆட்சி முடியும் காலத்தில் நடந்த ஒரு கூட்டத்தைக் காட்டுவார்கள். 1961-ல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளுக்காக ஆங்கிலக் கற்பித்தல் மாநாடு ஒன்று நடந்தது. அங்கிருந்து பரவிய நம்பிக்கைகளில் ஒன்று, ஆங்கிலத்துக்கு உகந்த ஆசிரியர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பது. ராபர்ட் பிலிப்சன் 1992-ல் எழுதிய 'லிங்குவிஸ்டிக் இம்பீரியலிசம்' என்ற நூலில் இதை உரித்துக் காட்டினார். யாழ்ப்பாணத்துக்காரரான சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்து யாழ்ப்பாண வகுப்பறைகளை வைத்தே இதற்கு எதிராக ஒரு புத்தகம் எழுதினார், 1999-ல் வந்தது. டெசால் என்ற ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பு 2006-ல் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அறிக்கை விட்டது. உலகத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள்தான். ஆராய்ச்சியாளர்கள் மத்தியில் இந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. குடியேற்ற அலுவலகத்தில் இன்னும் முடியவில்லை, உங்கள் விண்ணப்பம் போவது அங்கேதான். நம்மையும் சொல்ல வேண்டும். சென்னையில் சர்வதேசப் பள்ளி என்று போர்டு மாட்டிய இடங்களில் வெள்ளைக்கார ஆசிரியரின் படத்தை விளம்பரத்தில் போட்டால்தான் பெற்றோர் ஃபீஸ் கட்டுகிறார்கள்.

ஆகவே, மூடிய கதவைத் திறக்க அக்சென்ட்டை மாற்றிப் பயனில்லை. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இடம் வைத்திருக்கும் நாடு எது என்று பார்த்து, அதற்குத் தயாராகுங்கள்.

முதலில் மாலத்தீவு. திருவனந்தபுரத்திலிருந்து விமானமேறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 1980-களிலிருந்தே நம் பக்கத்து ஆசிரியர்கள் அங்கே போகிறார்கள். திவேஹி மொழியும் இஸ்லாமும் தவிர எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். பத்தாம் வகுப்பு முடிவில் மாணவர்கள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். உள்ளூர் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள் என்றாலும், மேல் வகுப்புகளுக்கும் தூரத்துத் தீவுகளுக்கும் வெளியாட்கள் தேவைப்படுகிறார்கள். அங்கே நம்மை யாரும் நேட்டிவ் ஸ்பீக்கரா என்று கேட்பதில்லை. பி.எட். இருக்கிறதா, எத்தனை வருட அனுபவம் என்று கேட்கிறார்கள். ஆசிரியருக்குரிய மரியாதை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கல்வி அமைச்சகமே காலியிடங்களை அறிவிக்கிறது, நேரடியாக விண்ணப்பிக்கலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

போவதற்கு முன் சில விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் குடியிருக்கும் தீவுகள் 180-க்கு மேல். உங்களுக்கு வாய்ப்பது தலைநகர் மாலே அல்ல, ஏதோ ஒரு அட்டோலில் பதினைந்து நிமிடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிடக்கூடிய தீவாக இருக்கும். சரக்குப் படகு வரும் நாளில்தான் தக்காளி. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. என் ஸ்டாஃப் ரூமில் வள்ளியூர்க்காரர் ஒருவர் புளிக்குழம்புக்குப் புளி தீர்ந்துபோன வாரத்தில் யாரிடமும் பேசவே மாட்டார். வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு காலை பள்ளிக்குப் போவது கிறிஸ்தவ ஆசிரியர்களுக்குப் பழக நாளாகும். வழிபாட்டுச் சிலைகளைச் சுங்கத்தில் அனுமதிப்பதில்லை. பெட்டியில் பிள்ளையாரை வைத்துக்கொண்டு போய் விமான நிலையத்தில் அழாதீர்கள். பொது இடத்தில் வேறு மத வழிபாடு கிடையாது. தீவு ஜனங்கள் நல்லவர்கள். அங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு வந்து போயிருப்பார்கள், அதனால் நம் ஊர்ப்பக்கத்தை அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பணம்தான் அங்கே சிக்கல். சம்பளம் ரூஃபியாவில். அரசு வைத்திருக்கும் விலை ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. அந்த விலைக்கு வங்கியில் டாலர் வேண்டிய அளவுக்குக் கிடைக்காது. மாதத்துக்கு இவ்வளவுதான் ஊருக்கு அனுப்பலாம் என்று உச்சவரம்பு வைப்பார்கள், திடீரென்று குறைப்பார்கள். மீதியை வெளியே வாங்கினால் 18 ரூஃபியாவோ, அதற்கு மேலோ. ஒரு பேச்சுக்கு 15,000 ரூஃபியா சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி விலையில் 970 டாலருக்குக் கொஞ்சம் கூட. 18 கொடுத்து வாங்கினால் 833. இந்த வித்தியாசத்தை எந்த ஏஜெண்டும் சொல்வதில்லை. அவர் அரசு விலையில் பெருக்கி, இந்திய ரூபாயில் ஒரு கொழுத்த எண்ணைக் காட்டுவார். நேர்காணலில் சம்பளத்தைக் கேட்ட கையோடு, "டாலராக எவ்வளவு அனுப்ப முடிகிறது?" என்று அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

வளைகுடாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆள் எடுக்கிறார்கள். பி.எட். கட்டாயம். தொலைதூரக் கல்வியில் வாங்கிய பட்டத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அதே ஊரில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி தருகிற சம்பளத்தில் பாதிகூட இந்தியப் பள்ளி தராது, ஆனாலும் முறையான விசா, சட்டப்படியான ஒப்பந்தம் என்று இருக்கும். கணவருக்கோ மனைவிக்கோ அங்கே ஏற்கெனவே வேலை இருந்தால் இதைவிட வசதி வேறில்லை. தனியாளாகப் போனால் வாடகை தின்றுவிடும்.

தாய்லாந்து இரண்டுங்கெட்டான். விதிப்படி நமக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டைச் சேராத ஆங்கில ஆசிரியர் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 990-க்கு 600 எடுத்துக் காட்ட வேண்டும். உங்களுக்கு அது இடது கை வேலை. பிறகு நான்-பி விசா, வேலை அனுமதி, குருசபா எனப்படும் ஆசிரியர் கவுன்சிலின் தற்காலிக அனுமதி. பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கும், இரண்டாம் பருவம் நவம்பர் வாக்கில். இவ்வளவும் காகிதத்தில். நிஜத்தில் பல பள்ளிகள் "டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஒத்துக்கொண்டால், விசா நாள் முடியும்போதெல்லாம் எல்லைக்குப் பஸ் ஏறிப் போய் முத்திரை குத்திக்கொண்டு வரும் பிழைப்பு. எங்கள் பள்ளியில் வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் இருந்தார். கல்வியியல் பட்டம் கிடையாது, வாரத்தில் என்னைவிடக் குறைந்த பீரியடு, சம்பளம் என்னைவிட நிறைய. அவர் நல்ல மனுஷன், அதை மறைக்கவும் இல்லை. காலை எட்டு மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம் பாடும்போது அவரை முன் வரிசையில் நிறுத்துவார்கள், படம் எடுக்க வசதியாக. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களும் நானும் பின்னால் நின்று பிள்ளைகளின் வரிசையை நேர் செய்துகொண்டிருப்போம்.

அந்தப் பிலிப்பைன்ஸ்காரர்களிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. தாய்லாந்தில் ஆங்கில வகுப்புகளைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவர்கூட "என் இங்கிலீஷ் போதுமா" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "அந்தப் பள்ளியில் விசா பேப்பர் யார் பார்க்கிறார்கள்? ஏப்ரல் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? பழைய டீச்சர் ஏன் விட்டுப்போனார்?" இந்த மூன்றும்தான் அவர்கள் கேட்கிற கேள்வி. எந்தப் பள்ளி சம்பளத்தை இழுத்தடிக்கிறது என்ற செய்தி ஒரே நாளில் எல்லாருக்கும் போய்விடும்.

ஏஜெண்டுகளுக்கு வருகிறேன். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்கு ரசீதும் தர வேண்டும். பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். நம் மாநில அரசுக்கே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ஜவுளிக்கடை மாடியில் ஒற்றை மேஜை போட்டிருப்பவரிடம் இரண்டு லட்சம் கொடுக்கிறோம். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பத்தாம் வகுப்புத் தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. கொத்தனார் வேலைக்கு வளைகுடா போகிறவரின் ஒப்பந்தத்தையாவது அரசு ஒரு பார்வை பார்க்கிறது, எம்.ஏ., பி.எட். படித்த உங்கள் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று கூட்டிக்கொண்டு போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் கொண்டுபோய் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். மீட்டுக் கொண்டுவருவதற்குள் குடும்பங்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள்தான் அந்தக் கும்பலுக்கு வேண்டும். நேர்காணலில் பாடம் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், டைப்பிங் வேகமும் சமூக ஊடகப் பழக்கமும் விசாரித்தால் அது பள்ளி அல்ல. பள்ளியின் பெயர் தெரியாமல் பாங்காக்குக்கு டிக்கெட் வந்தாலும் ஏறாதீர்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கப் பார்த்தால், அது இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் சொல்வதைச் சொல்லுங்கள்.

இனி காகிதம். நம்மவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் இனிஷியலில். சான்றிதழில் எஸ். முத்துச்செல்வி. பாஸ்போர்ட்டில் பெயர் முத்துச்செல்வி, குடும்பப் பெயர் சண்முகம். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்திருந்தால் முத்துச்செல்வி ராஜ்குமார். அந்த நாட்டு அதிகாரிக்கு இவர்கள் மூன்று பேர். தாய்லாந்தில் எனக்கு வந்த கடிதமெல்லாம் என் அப்பா பெயருக்குத்தான் வரும், மிஸ் போட்டு. குடும்பப் பெயரையே காலியாக விட்டவர்களுக்கு வேறு தொல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, விசிட் விசா தருவதில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே எந்த நாடு என்று முடிவு செய்வதற்கு முன்பே பெயரைச் சரி செய்யுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் அஃபிடவிட், முடிந்தால் அரசிதழில் பெயர் விரிவு. செலவு குறைவு, அலைச்சல்தான் அதிகம்.

பட்டச் சான்றிதழ் என்றால் கான்வொகேஷன் சான்றிதழ். புரொவிஷனல் செல்லாது. பல்கலைக்கழகத்தில் வாங்காமலே கிடக்கிறது என்றால் நாளைக்கே அபிஷேகப்பட்டிக்கோ நாகமலைக்கோ பஸ் ஏறுங்கள். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம். இந்தியா 2005-லிருந்து அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. கொரியா, ஜப்பான், ஓமன் போன்ற உறுப்பு நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் வில்லை ஒன்றே போதும். உறுப்பினர் அல்லாத நாட்டுக்கு அந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்குங்கள், ஆனால் சீக்கிரமே வாங்கி வைக்காதீர்கள், காலாவதியாகிவிடும்.

இவ்வளவும் நடக்க அசல் கையில் இருக்க வேண்டும். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டுகிற பள்ளிகள் நம் மாவட்டங்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். வேறு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டால் வருட நடுவில் தர மாட்டார்கள். வங்கிக் கடன், வீட்டுப் பத்திரம், தம்பி கல்யாணம், எதையாவது சொல்லி வாங்கி, முழுசையும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று யாராவது கோபித்துக்கொண்டால், அடுத்தவர் சான்றிதழைப் பிணையாக வைத்திருப்பவர்களிடம் அந்தக் கோபத்தைக் காட்டட்டும்.

டெஃப்ல், செல்டா என்ற ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழ்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். இரண்டிலும் 120 மணி நேரம் என்றே போட்டிருப்பார்கள். ஆன்லைன் டெஃப்லில் அது திரையைப் பார்த்து விடை தட்டும் நேரம். செல்டாவில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து ஒருவர் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார். கட்டணம் லட்சத்துக்கு மேல். மாலத்தீவுக்கும் வளைகுடா இந்தியப் பள்ளிக்கும் இரண்டுமே தேவையில்லை, பி.எட். போதும். தாய்லாந்து, வியட்நாம் என்றால் ஆன்லைன் சான்றிதழ் விசாக் காகிதத்துக்கு உதவும், பாடம் எடுக்க உதவாது. அந்தக் கோர்ஸ்களில் டாஸ்க் கொடுத்து மொழி கற்பிக்கும் முறை என்று ஒரு பாடம் வரும், மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வேர்களில் ஒன்று 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திப் பார்த்த சோதனை. அவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1987-ல் வந்த அவருடைய 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' கிடைத்தால் படியுங்கள், லட்சம் மிச்சம்.

டெமோ வகுப்பில்தான் உங்கள் ஆங்கிலத்தை முதன்முதலாகக் கேட்பார்கள். அங்கேயும் அக்சென்ட் யாருக்கும் பெரிதில்லை, வேகம்தான் பெரிது. நாம் மூச்சு விடாமல் பேசுகிறோம். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துங்கள். அதைவிட முக்கியம், விளக்கிக்கொண்டே இருக்காதீர்கள். பிரசன்ட் பெர்ஃபெக்ட் எடுக்கச் சொன்னால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் இலக்கணத்தைச் சொல்லி, சூத்திரத்தைப் போர்டில் எழுதி, மூன்று உதாரணம் கொடுத்துவிட்டு "அண்டர்ஸ்டாண்ட்?" என்பார்கள். உலகத்தில் எந்தப் பிள்ளையும் அதற்கு இல்லை என்று சொன்னதில்லை.

நான் பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ் டீச்சர் அதை இப்படி எடுத்தார். வகுப்புக் கதவுக்கு வெளியே நின்று கைப்பையைத் துழாவினார். சட்டைப்பையைத் தட்டினார். பையைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினார். பேனா, சீப்பு, பஸ் டிக்கெட். பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்றார், அவ்வளவுதான். பிறகு இரண்டு கேள்வி. இப்போது சாவி என்னிடம் இருக்கிறதா? எப்போது தொலைந்தது என்று சொன்னேனா? இரண்டுக்கும் இல்லை என்று வகுப்பு கத்தியது. அதன் பிறகுதான் சாக்பீஸைக் கையில் எடுத்தார். தமிழில் சொல்லிப் புரியவைக்கிற வசதி இல்லாத வகுப்பில் இந்த மாதிரி இருபது பாடமாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். இங்கேயே, உங்கள் ஏழாம் வகுப்பில் வைத்துப் பழகிப் பாருங்கள். ஆயாவைத் தவிர யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், தரையில் கொட்டுவதற்கு.

இந்த மடலை ஏற்கெனவே அங்கே போய்விட்ட நம் ஊர் ஆசிரியர்களும் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நீலக் கடலையும் பெரிய மால்களையும் போடுகிறீர்கள். ஊரில் இருக்கிற தங்கை ஒருத்தி "அண்ணா, கையில் எவ்வளவு நிற்கிறது?" என்று கேட்டால் மட்டும், "வா, வந்து பார்" என்று பேச்சை மாற்றுகிறீர்கள். சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். ஊருக்கு அனுப்ப முடிந்த டாலரைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் நகலைப் பெயரை மறைத்தாவது அனுப்புங்கள். எந்தப் பள்ளி ஏப்ரல் சம்பளம் தரவில்லை, எங்கே முதல்வர் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார், எந்தத் தீவில் ஆசிரியைகள் தனியே தங்க வீடு சரியில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஏஜெண்டுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார். பள்ளியின் பெயரோடு சொல்லுங்கள். ஜனவரிக்குள் சொன்னால் இந்த வருடம் விண்ணப்பிப்பவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி,
நாகர்கோவில்